மூன்று சுழிக்கு ஏழு புள்ளி

இரவு ஒன்பது மணி. பேருந்து நிலையத்துக்குள் ஒரு வண்டி திரும்புகிறது. அதன் நெற்றியில் ‘தாம்பரம்’ என்று ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. நூறடிக்கு அப்பால் நின்றே படித்துவிடுகிறோம். வண்டி பக்கத்தில் வந்து நின்றதும் அண்ணாந்து பார்த்தால் எழுத்தைக் காணோம். வரிசையாகப் பதித்த சிறுசிறு விளக்குகள்தான் தெரிகின்றன. ‘வண்டி வந்துவிட்டது’ என்று வீட்டுக்குச் சொல்லக் கைபேசியில் ஒரு படம் எடுத்தால் இன்னொரு விந்தை. படத்தில் ‘தாம்பரம்’ பட்டை பட்டையாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது. சில வரிசைகளில் வெளிச்சம், சில வரிசைகளில் இருட்டு.

தொலைவில் இருந்த எழுத்து அருகில் வந்ததும் எங்கே போனது? கண்ணுக்கு முழுதாகத் தெரிந்தது கேமராவுக்கு ஏன் பாதியாகத் தெரிந்தது?

நிரையும் நிரலுமாக அடுக்கினால் அது அணி என்று பள்ளிக் கணக்கில் படித்திருக்கிறோம். புள்ளிகளை அப்படி அடுக்கி, வேண்டியதை ஏற்றி வேண்டாததை அணைத்து உண்டாக்கும் எழுத்து, புள்ளியணி எழுத்து. ‘டாட் மேட்ரிக்ஸ்’ என்று கடைத்தெருவில் சொல்வது இதைத்தான். ரயில் நிலையத்து அறிவிப்புப் பலகை, தண்ணீர் பாட்டிலில் அச்சான தேதி, கரகரவென்று சத்தமிடும் பிரிண்டரில் வரும் ரசீது எல்லாம் இந்தக் குடும்பம். வேறு வழியில்லாமல் பிறந்த இந்த வடிவத்தை, கண்ணாடிபோல் வழவழப்பாக எழுத்தைக் காட்டும் திரைகள் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் வடிவமைப்பாளர்கள் தேடிப்போய் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஈர்ப்பின் காரணம் தெரிய வேண்டுமானால், முதலில் ஓர் எழுத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுவரும் அறையும்

கட்டம் போட்ட நோட்டில் ஆங்கில ‘ஈ’யை எடுத்துக்கொள்வோம். அதற்குப் படுக்கைக்கோடு மூன்று. மூன்றும் ஒட்டிவிடாமல் இருக்க இடையில் இரண்டு வெற்று நிரைகள் வேண்டும். ஆக, ஐந்து நிரைக்குக் குறைந்தால் ‘ஈ’ இல்லை. ‘எம்’ எழுத்துக்கு இதையே படுக்கவைத்துப் பாருங்கள்: நிற்கும் கோடு மூன்று, இடைவெளி இரண்டு, ஆக ஐந்து நிரல். இனி எண் 8. மேலே ஓர் அறை, கீழே ஓர் அறை; அவற்றுக்குக் கூரை, நடுத்தளம், தரை என்று மூன்று கோடுகள். அறைக்கு ஒரே ஒரு புள்ளி உயரம் கொடுத்தால் தொலைவில் அடைபட்டுப்போகும். இரண்டு கொடுத்தால் திறந்து தெரியும். மூன்று கோடு, இரண்டிரண்டாக நான்கு வெற்று நிரை: மொத்தம் ஏழு.

ஐந்து நிரல், ஏழு நிரை, 35 புள்ளி. உலகம் முழுக்கச் சிறு திரைகளிலும் பிரிண்டர்களிலும் நிலைத்துப்போன 5×7 கட்டத்தை இப்படி நாமே விரல்விட்டு எண்ணி அடைந்துவிடலாம். ஒரு கோட்டையும் அடுத்த கோட்டையும் பிரித்துக் காட்ட இடையில் ஒரு வெற்றிடமாவது வேண்டும் என்பதே அடிப்படை. ஒலியையும் படத்தையும் எண்களாக மாற்றும் எல்லாக் கருவிகளுக்கும் இதே விதிதான். பொறியாளர்கள் இதைக் கூறெடுப்பு விதி என்பார்கள்.

35 புள்ளிகளை ஏற்றியும் அணைத்தும் எத்தனை உருவங்கள் செய்யலாம்? 3,435 கோடிக்கும் மேல். ஆங்கிலத்துக்கு எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து நூறுக்குள் போதும். இவ்வளவு இடம் இருந்தும் குழப்பம் வருகிறது. வழக்கமான 5×7 வடிவில் ஆங்கில ‘பி’ (B) எழுத்துக்கும் எண் 8-க்கும் உள்ள வேறுபாடு மூன்றே மூன்று புள்ளிகள்தான். இடது ஓரத்தில் மேல், நடு, கீழ் மூலைகள் நிரம்பியிருந்தால் ‘பி’, வெறுமையாக இருந்தால் 8. மருந்துப் பெட்டியின் தேதியில் மை சற்றுப் பரவினால் இந்த மூன்று புள்ளிகள்தான் முதலில் ஏமாற்றும். எழுத்துருவை வரைபவர் அழகைப் பார்க்கும் முன்பே இந்த வேறுபாட்டுக் கணக்கைப் பார்த்தாக வேண்டும்.

முறைத் தண்ணீர்

இப்போது கேமராப் புதிர். 35 விளக்குக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் 35 கம்பி. பேருந்துப் பலகையில் ஆயிரக்கணக்கில் வேண்டும். அதற்குப் பதிலாக நிரைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று என்று இழுத்தால் 5×7 கட்டத்துக்குப் பன்னிரண்டே போதும். மூன்றாம் நிரைக்கும் இரண்டாம் நிரலுக்கும் மின்சாரம் கொடுத்தால், இரண்டும் சந்திக்கும் விளக்கு எரியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு நிரைக்கும் இரண்டு நிரலுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால், கேட்டது இரண்டு விளக்கு என்றாலும் நான்கு சந்திப்பும் எரிந்துவிடும். இதற்கான தீர்வு நம் வயற்காட்டில் பழையது. ஏரியில் தண்ணீர் குறைந்தால் எல்லா மடையையும் ஒன்றாகத் திறப்பதில்லை, முறைவைத்துத் திறப்பார்கள். அதேபோல முதல் நிரைக்கு வேண்டிய விளக்குகள் ஒரு நொடியின் சிறு துணுக்குக்கு எரியும். அது அணைந்ததும் இரண்டாம் நிரை, பிறகு மூன்றாம் நிரை. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பெரிய பலகைகளில் ஒரே முறையில் பல நிரைகள் சேர்ந்து எரிவதும் உண்டு. ஆனால் எல்லா நிரைகளும் எப்போதும் சேர்ந்து எரிவதில்லை.

இந்தச் சுற்று நொடிக்கு ஐம்பது அறுபது தடவைக்கு மேல் போனால் நம் கண்ணுக்கு விட்டுவிட்டு எரிவது தெரியாது. தொடர் ஒளியாகவே படும். கைபேசிக் கேமரா நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்து மூடினால், அந்தக் கணத்தில் எந்த நிரைக்கு முறையோ அது மட்டும் படத்தில் விழும். ஆக, அந்த வெட்டுப்பட்ட படம் கேமராவின் பழுது இல்லை. பலகை முறைவைத்துத்தான் எரிகிறது என்பதற்கு நம் கையிலேயே கிடைத்த சாட்சி அது. படமெடுக்கும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். எழுத்து முழுதாக வந்துவிடும்.

கண் போடும் கோடு

முதல் புதிருக்கு வருவோம். ஒரு பாகையை 60 பங்காக்கினால் ஒரு பங்குக்குப் பஞ்சாங்கக் கணக்கில் கலை என்று பெயர். நல்ல பார்வை உள்ளவரின் கண் ஏறக்குறைய ஒரு கலை இடைவெளியைப் பிரித்தறியும். அதைவிட நெருங்கிய இரண்டு புள்ளிகள் ஒன்றாகிவிடும். கடைகளில் ‘பி10’ (P10) என்று கேட்டு வாங்கும் ஓடும் பலகையில் விளக்குக்கு விளக்கு 10 மில்லிமீட்டர். அந்த 10 மில்லிமீட்டர் ஒரு கலையாகச் சுருங்குவது சுமார் 34 மீட்டர் தொலைவில். அதற்கு அப்பால் நமக்குத் தெரிவது புள்ளிகள் இணைந்த கோடு.

ஆனால் 34 மீட்டருக்குள் வந்த பின்னும் நாம் படிக்கத்தான் செய்கிறோம். புள்ளிகள் தனித்தனியாகத் தெரிந்துகொண்டே இருக்க, எழுத்தும் தெரிகிறது. இங்கே வேலை செய்வது விழியைத் தாண்டிய மூளை. 1923-இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர், வெறும் புள்ளிகளைத் தாளில் வெவ்வேறு இடைவெளிகளில் இட்டு, பார்ப்பவர்கள் எவற்றைக் கூட்டாகக் காண்கிறார்கள் என்று ஆராய்ந்தார். நெருங்கியவை ஒரு குழுவாகும். ஒத்தவை ஒரு குழுவாகும். ஒரே போக்கில் செல்பவை ஒரு கோடாகும். புள்ளிக் கோலத்தில் புள்ளியைச் சேர்க்க மாவுக்கோட்டைக் கை இழுக்கிறது. இங்கே அந்தக் கோட்டைக் கண்ணே இழுத்துக்கொள்கிறது.

அப்படியானால் மிக அருகில் போனதும் ஏன் குலைகிறது? 1973-இல் லியோன் ஹார்மன், பேலா யூலெஸ் என்ற இரு ஆய்வாளர்கள் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாக மாற்றிக் காட்டினார்கள். அருகில் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ விலகி நின்றாலோ லிங்கன் வந்துவிடுகிறார். மங்கலாக்கும்போது தகவல் குறையத்தானே வேண்டும்? இங்கே கூடுகிறதே! கட்டங்களின் கூர்மையான ஓரங்கள் முகத்தில் இல்லாத ஒரு இரைச்சலைச் சேர்க்கின்றன, மங்கலாக்கினால் அந்த இரைச்சல்தான் முதலில் போகிறது என்று அவர்கள் சோதித்துக் காட்டினார்கள். பேருந்துப் பலகையின் கீழ் நிற்கும் நமக்கும் அதே கதி. தனித்தனி விளக்குகளின் கூர்மை, எழுத்தின் உருவத்தை மறைத்துவிடுகிறது.

இன்னொரு சோதனை நம் 5×7 கணக்கோடு பொருந்துகிறது. 1994-இல் ஜோஷுவா சாலமன், டெனிஸ் பெல்லி இருவரும் எழுத்துகளின் மேல் விதவிதமான அளவில் இரைச்சலைத் தூவி, எந்த அளவு இரைச்சல் படிப்பதை அதிகம் கெடுக்கிறது என்று அளந்தார்கள். ஓர் எழுத்துக்குள் சுமார் மூன்று வெளிச்ச-இருட்டு மாற்றங்கள் அமையும் அளவு விவரத்தைத்தான் நாம் எழுத்தை அறியப் பெரிதும் பயன்படுத்துகிறோம் என்று தெரிந்தது. மூன்று மாற்றத்தைக் காட்டக் கூறெடுப்பு விதிப்படி ஆறு புள்ளியாவது வேண்டும். கண்ணைப் பற்றி இவ்வளவு அறியும் முன்பே பொறியாளர்கள் ஏழு நிரையில் வந்து நின்றிருந்தார்கள்.

சுத்தி, வட்டு, துளி

புள்ளியை எதைக் கொண்டு வைப்பது என்பதற்கு வழிகள் பல. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1928 நவம்பரில் ஒரு கட்டடத்தைச் சுற்றி ஓடத் தொடங்கிய செய்திப் பட்டையில் 14,000-க்கும் மேற்பட்ட மின்விளக்குகள். உள்ளே சங்கிலியில் நகரும் சட்டங்களில் எழுத்து வடிவங்களைக் கோத்திருப்பார்கள். அவை மின்தொடுவாய்களை உரசிச் செல்லச் செல்ல வெளியே விளக்குகள் எரியும். அச்சுக்கோப்பவரின் கை வேலையே தெருவில் ஒளியாக ஓடியது. 1961-இல் கனடாவின் ஃபெராண்டி-பேக்கார்ட் நிறுவனத்தில் கென்யன் டெய்லர் என்பவர் புரட்டு வட்டுப் பலகையை உருவாக்கினார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு வட்டு. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளிச்சென்ற நிறம். மின்காந்தம் ஒரு தட்டுத் தட்டினால் வட்டு புரளும். புரண்ட பின் மின்சாரமே வேண்டாம், காந்தம் பிடித்துக்கொள்ளும்.

பிரிண்டரில் புள்ளி வைப்பது ஊசி. தலையில் செங்குத்தாக ஒன்பது ஊசிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்காந்தம். ஊசி பாய்ந்து மை நாடாவை அடிக்க, தாளில் ஒரு புள்ளி. கரகரப்பெல்லாம் இந்தச் சுத்தியடிச் சத்தம்தான். அடித்து எழுதுவதால் கார்பன் வைத்த பிரதிகளிலும் பதியும். அதனால்தான் லாரி புக்கிங் அலுவலகங்களும் மொத்தக் கடைகளும் இதை விடாமல் வைத்திருக்கின்றன. தண்ணீர் பாட்டிலின் தேதியை வைப்பது மைத்துளி. பீய்ச்சும் மைத்தாரை, அதிர்வு கொடுக்க, சீரான துளிகளாக உடையும். எந்தத் துளி எவ்வளவு விலக வேண்டும் என்பதற்கேற்ப அதில் மின்னேற்றம் இடுவார்கள். இரண்டு தகடுகளுக்கு இடையே போகும்போது அது தன் உயரத்துக்கு விலகும். பாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பதால் அடுத்தடுத்த நிரல்கள் தாமே அமையும்.

தமிழுக்கு எத்தனை?

இதுவரை ஆங்கிலக் கணக்கு. திண்ணைப் பள்ளிக் காலத்திலிருந்து நாம் ‘இரண்டு சுழி ன’, ‘மூன்று சுழி ண’ என்று சொல்லி வருகிறோம். அந்தப் பெயரிலேயே புள்ளிக் கணக்கு இருக்கிறது. சுழிகளை ஒட்டிக் கட்டிய வீடுகளாக நினைத்துக்கொள்ளுங்கள்; பக்கத்து வீட்டோடு சுவர் பொது. இரண்டு வீட்டுக்கு மூன்று சுவர், இரண்டு அறை: ஐந்து நிரல். மூன்று வீட்டுக்கு நான்கு சுவர், மூன்று அறை: ஏழு நிரல். ‘ன’ ஐந்தில் அடங்கும்; ‘ண’வுக்கு ஏழாவது வேண்டும். எல்லா எழுத்துக்கும் ஐந்தே நிரல் என்று கட்டம் போட்டுவிட்டால் ‘ண’ தன் ஒரு சுழியை இழந்து ‘ன’ ஆக வேண்டியதுதான். ‘மணம்’ என்று எழுதினால் ‘மனம்’ என்று படிப்பார்கள்.

உயரத்திலும் அப்படியே. ஆங்கிலப் பெரிய எழுத்து ஒரு மாடி. தமிழுக்கு மூன்று மாடி. நடுவில் எழுத்தின் உடல். மேலே ‘கி’யின் விசிறி, அதைச் சுழித்தால் ‘கீ’. கீழே ‘கு’, ‘மு’ போன்றவற்றின் வளைவுகள். உடலுக்கு ஏழு, மேல்சுழிக்கு மூன்று, கீழ்ச்சுழிக்கு மூன்று என்று என் நோட்டில் வரைந்து பார்த்ததில் 13 நிரை வேண்டியிருந்தது. 16 நிரை உள்ள பலகையில் தமிழ் ஓரளவு மூச்சுவிடும். 7 நிரையில் திணறும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது மெய்யெழுத்தின் புள்ளி. மெய்க்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியமே விதிக்கிறது. புள்ளிகளாலேயே ஆன எழுத்தில் அந்தப் புள்ளியை எப்படிக் காட்டுவது? உடலை ஆக்கிய புள்ளிகளும் அதே அளவு, அதே நிறம். உடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு வெற்று நிரை விட்டால்தான் அது மெய்ப்புள்ளி. விடாவிட்டால் எழுத்தின் உச்சியில் முளைத்த பரு. அந்த வெற்று நிரை வீண் இடம் என்று யாராவது சிக்கனம் செய்தால் ‘க்’ என்பது ‘க’ ஆகிவிடும்.

இந்தச் சங்கடம் நமக்குப் புதிதும் இல்லை. ஓலைச்சுவடியில் மெய்ப்புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை; ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காட்டப்படவில்லை; எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் இருந்தன. படிப்பவர் பொருளை வைத்து ஊகிக்க வேண்டும். பழந்தமிழ் நூல்களை அச்சில் ஏற்றிய பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டில் பாதி இதனால்தான். ‘ர’வின் காலடியில் உள்ள சிறு சாய்வுக்குப் புள்ளி ஒதுக்காத பலகையில் ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். ஓலையும் எழுத்தாணியும் அன்று செய்ததைக் குறைந்த புள்ளிகள் இன்று செய்கின்றன. அச்சுக்காலம் நமக்குப் பிரித்துத் தந்த வேறுபாடுகளை ஒரு மின்பலகையில் தொலைக்க நமக்கு உரிமை கிடையாது. ஆங்கிலத்துக்குச் செய்த கட்டத்தில் தமிழைத் திணிக்காமல், தமிழின் சுழியையும் மாடியையும் எண்ணிக் கட்டம் போட வேண்டும். ஜப்பானியர் தங்கள் எழுத்துக்கு 16×16 கட்டம் வகுத்து அதிலேயே ஆயிரக்கணக்கான எழுத்துகளை அமைத்தார்கள். அந்த மரபில் வந்த ‘டாட்காதிக்16’ என்ற எழுத்துரு இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

கட்டாயம் அழகான கதை

1984-இல் மேகின்டாஷ் கணினி வந்தபோது அதன் திரையில் குறுக்கே 512 புள்ளி, நெடுக்கே 342 புள்ளி. அதற்கு ‘சிகாகோ’ போன்ற எழுத்துருக்களைப் புள்ளி புள்ளியாக வைத்து உருவாக்கியவர் சூசன் கேர். 2001-இல் வந்த முதல் ஐபாடின் சிறு திரைக்கும் அதே ‘சிகாகோ’ கைகொடுத்தது. அதே கணினியில் சூசானா லிச்கோ 1985-இல் ‘எம்பரர்’ என்ற எழுத்துருவை அமைத்தார். அதில் எம்பரர் 8, 10, 15, 19 என்று பெயரோடு ஓர் எண் வரும். அது எழுத்தின் உயரப் புள்ளி எண்ணிக்கை. எட்டுப் புள்ளி எழுத்தை இழுத்துப் பெரிதாக்காமல், ஒவ்வொரு உயரத்துக்கும் புதிதாகவே அமைத்தார். கட்டம் மாறினால் எழுத்தும் மாற வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார்.

இன்றைய புள்ளியணி எழுத்துருவின் உள்ளே நிலைமை தலைகீழ். கணினி எழுத்துகளை இப்போது வெளிக்கோடாகவே சேமிக்கிறது. ஆகவே இருபது புள்ளியில் ஆன ஓர் எழுத்துக்கு இருபது வட்டங்களின் வெளிக்கோடுகளை வரைந்து வைக்கிறார்கள். எளிமையாகத் தோன்றும் இந்த எழுத்து, கணினிக்கு வழவழப்பான எழுத்தைவிடப் பெரிய வேலை. லண்டனின் நத்திங் நிறுவனம் தன் கைபேசிகளில் ‘என்டாட்’ என்ற புள்ளி எழுத்துருவைத் தலைப்புக்கும் பெரிய எண்களுக்கும் வைத்திருக்கிறது. சிறிய வரிகளுக்கு வேறு எழுத்துரு. அந்தப் பிரிவினை சரியானது.

இந்த எழுத்துருவைக் கையாள நினைப்பவர் மூன்றைக் கவனித்தால் போதும். ஒன்று, புள்ளியின் விட்டத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம். புள்ளிகள் ஒன்றையொன்று தொட்டால்கூடக் கட்டத்தின் பரப்பில் சுமார் 78 விழுக்காடுதான் நிரம்பும். இடைவெளி கூடக்கூட எழுத்து வெளிறும். இருண்ட திரையில் வெளிச்சப் புள்ளி கசிந்து பெரிதாகத் தெரியும் என்பதால் அங்கே விட்டத்தைச் சற்றுக் குறைக்கலாம். வெள்ளைத் தாளில் கூட்ட வேண்டும். இரண்டு, சாய்வுக்கோடு. பக்கத்துப் புள்ளி ஒரு அடி தள்ளி இருந்தால் மூலைப் புள்ளி 1.4 அடி தள்ளி இருக்கும். அதனால் சாய்வுகள் எப்போதும் மெலிந்து தெரியும். நம் வளைவெழுத்துகளுக்கு இது கூடுதல் கவலை. மூன்று, அளவு. இரண்டு மூன்று சொல், பெரிய எழுத்து, தொலைவுப் பார்வை என்றால் இது பளிச்சென்று நிற்கும்: இசை நிகழ்ச்சிச் சுவரொட்டி, அருங்காட்சியகத் தலைப்பு, கடிகார முகப்பு, நுழைவுச்சீட்டு. பத்தி பத்தியாக ஓடும் உரைக்கு இது ஆகாது. மருந்தின் காலாவதித் தேதியை வயதானவர்கள் ஒளியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கண்ணே கோடு போட்டுப் படிக்க வேண்டியிருப்பது ஒரு சுமை. தலைப்பில் அந்தச் சிறு வேலை இன்பம் தரும். அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியில் அது தண்டனை.

கட்டம் போட்ட நோட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரின் முதல் எழுத்தைப் புள்ளிகளால் வையுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாக அழித்துக்கொண்டே வந்து, வீட்டில் யாரிடமாவது ஐந்தாறு அடி தள்ளி நின்று படிக்கச் சொல்லுங்கள். ஏதோ ஒரு புள்ளியை அழித்ததும் அவர் வேறு எழுத்தைப் படிப்பார். அதைத் திரும்ப வைத்துவிடுங்கள். மிச்சம் இருப்பவற்றை எண்ணுங்கள். உங்கள் எழுத்துக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்பது அப்போது தெரியும். அடுத்த முறை பலகை செய்யக் கொடுக்கும்போது அத்தனையையும் கேட்டு வாங்கலாம்.